மூன்று கையெழுத்துக் கணக்கு

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் நேராகப் பணம் கேட்டதில்லை. போன் வரும். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்பார்கள். அப்புறம் "சாப்பிட்டியா?" என்பார்கள். இந்தச் "சாப்பிட்டியா" எத்தனை தடவை வருகிறது என்பதை வைத்துத்தான் தொகையைக் கணிக்க வேண்டும். ஒரு தடவை வந்தால் கரண்டு பில். இரண்டு தடவை வந்தால் பள்ளிக்கூட ஃபீஸ். மூன்றாவது தடவையும் வந்து, கூடவே "உடம்பைப் பாத்துக்கோ, நீ நல்லா இருந்தாத்தானே நாங்க எல்லாம்" என்று குரல் தழுதழுத்தால், அது வீட்டு அட்வான்ஸ்.

இந்தக் கணிப்பில் கைதேர்ந்தவள் பாப்பா. வயது நாற்பத்தாறு ஆகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பொய்ப்பல் செய்கிற கூடத்தில் இருபத்திரண்டு வருஷ வேலை. பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து மெழுகில் ஈறு பிடித்து, பல் ஒவ்வொன்றாய்ப் பதித்து, முழு செட்டாக மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். தனியாக இருந்தாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "சேர்த்துத்தான் வெச்சிருந்தேன். அதுக்குள்ள தங்கச்சி கல்யாணத்துக்கு சும்மாதான் போன் பண்ணாங்க" என்று சிரிப்பாள்.

குடும்பத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு யாரும் இல்லை என்றில்லை. ஆனால் "முடியாது" என்ற சொல் வாயில் வராத ஆள் அவள் ஒருத்திதான். சொல்லிப் பார்க்காமல் இல்லை. "மு..." என்று தொடங்குவாள், அது "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று முடிந்துவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம், சம்பளம் வந்த மூன்றாம் நாளே பஸ்ஸுக்குக் காசில்லாமல் வேலைக்கு நடந்து போனாள். நடக்கும்போதே அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. நேரே அத்தையைப் போய்ப் பார்த்தாள். அத்தை, அப்பாவுக்கு அக்கா. ஆஸ்பத்திரியில் பணம் கட்டுகிற ஜன்னலில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள்.

"அத்தை, சம்பளத்துல பாதியை ஒரு கணக்குல போடப் போறேன். நான் மட்டும் போய்க் கேட்டா குடுக்காத கணக்கு."

"உன் பணத்தை உனக்கே குடுக்க மாட்டாங்களா? அது என்னடி அப்படியொரு கணக்கு?"

"மூணு கையெழுத்து வேணும். நான், நீங்க, சித்தப்பா. மூணும் இருந்தாத்தான் எடுக்க முடியும்."

"உன் சித்தப்பனா? அவன்கிட்டேருந்து தும்மல்கூட வெளியே வராதே!"

"அதுக்குத்தான் அத்தை."

சித்தப்பா ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எரிந்துபோன பல்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால்தான் புது பல்பை எடுத்து வைப்பார். துடைப்பம் தேய்ந்துவிட்டது என்றால், எங்கே, தேய்ந்ததைக் காட்டு என்பார். அவர் ஓய்வு பெற்ற அன்று தொழிலாளிகள் எழுந்து நின்று வெகுநேரம் கை தட்டினார்கள். மரியாதையா, நிம்மதியா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து கேட்கிற விஷயமெல்லாம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா வீட்டு முன்னறையில். சோபாவில் சித்தப்பா, அத்தை, பாப்பா. கேட்க வந்தவருக்கு நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல். "சாய இடமிருந்தா பேச்சு நீளும்" என்பது சித்தப்பாவின் கட்சி. பக்க எண் போட்ட நோட்டு ஒன்றை வைத்திருந்தார். அதன் முதல் பக்கத்தில் விதிகள். நேரில் வந்துதான் கேட்க வேண்டும். முன்பு வாங்கியதில் பாதியாவது திரும்பி வந்தால்தான் அடுத்தது.

மூன்றாவது விதி பிளான் மாமாவால் வந்தது. பிளான் மாமா, பாப்பாவின் அம்மாவுக்குத் தம்பி. மாதம் ஒரு தொழில் தொடங்குவார், வாயால். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விக் கடைத் திட்டத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"விக்கறதில்லை. வாடகைக்கு. ஒருத்தருக்கு ஒரு நாள் முடி. மறுநாள் அதே முடி இன்னொருத்தருக்கு."

"பேன் வந்தா?" என்றாள் அத்தை.

"அதுக்குத் தனியா வாடகை போட முடியாதுக்கா."

அன்று பாப்பாதான் விதியைச் சொன்னாள், சித்தப்பா எழுதினார்: சொந்தத் தொழில் தொடங்க இந்தக் கணக்கில் பணம் கிடையாது. எழுதி முடித்ததும் மாமாவின் முகம் வாடியதைப் பார்த்து பாப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "அவரை மட்டும் சொல்ற மாதிரி இருக்கு சித்தப்பா. 'யாராக இருந்தாலும்'னு சேர்த்துக்கோங்க" என்றாள். சித்தப்பா சேர்த்துக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. கேட்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். தன் பர்ஸில் இருந்தால் தானே எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்று பயந்து, பாப்பா தன் சொந்தச் சேமிப்பையும் சேர்த்து அதிலேயே போட்டாள். ஆறு வருஷத்தில் கணக்கு கொழுகொழுவென்று வளர்ந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை, பல் கூடத்தின் முதலாளி அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, நான் கடையைக் குடுத்துடப் போறேன். கை நடுங்குது. பல்லு கோணிக்கிட்டு நிக்குது."

"யாருக்குங்க குடுக்கறீங்க?"

"பெரிய லேப் வெச்சிருக்காரே, அவர் கேக்கறார். உனக்கு ஒண்ணும் கவலை இல்ல. உன்னையும் சேர்த்துத்தான் எடுத்துக்கறாராம். சம்பளம் அப்படியே."

"மேசை, அடுப்போட நானுமா?"

"லிஸ்ட்ல நீ நாலாவது."

"பாலிஷ் மோட்டாருக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "பின்னாடி. ஆனா அதைச் சொல்ல வரல. உனக்கு வேணும்னா உனக்குத்தான் முதல்ல. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள முன்பணத்தை வெச்சுடு. மிச்சத்தை மாசாமாசம் குடு. பன்னெண்டுக்கு மேல அவரை நிறுத்தி வைக்க என்னால ஆகாது."

பாப்பா கையில் பாதி முடிந்த மேல்வரிசைப் பல் இருந்தது. எந்த ஊர்க் கிழவருடையதோ. இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்த பல்லெல்லாம் முதலாளி பேர் போட்ட பெட்டியில்தான் போயிருக்கிறது. அவள் பேர் எதிலும் இல்லை. எதற்கு இருக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. முதலாளி "உனக்கு வேணும்னா" என்று சொன்ன பிறகுதான், ஐயோ வேண்டுமே, எப்போதிலிருந்தோ வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மெழுகில் கடைவாய்ப்பல்லைத் தலைகீழாகப் பதித்துவிட்டாள்.

முன்பணத்துக்கு வேண்டிய தொகை கணக்கில் இருந்தது. கிட்டத்தட்ட கடைசிக் காசுவரை சரியாக இருந்தது. செவ்வாய் சாயங்காலம் அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னாள். சேதி பரவி, தங்கச்சியும் பிளான் மாமாவும் கேட்காமலேயே வந்து சுவரோரம் இடம் பிடித்தார்கள்.

பாப்பா வழக்கம்போல் சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

"அங்க இல்ல" என்றார் சித்தப்பா, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேக்கறவங்க ஸ்டூல்ல."

"சித்தப்பா, நான்..."

"ஸ்டூல்ல."

பாப்பா எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது இவ்வளவு குட்டையானது என்று அவளுக்குத் தெரியாது. முட்டி இரண்டும் மோவாய் வரை வந்தது. கையை எங்கே வைப்பதென்று புரியவில்லை. பிளான் மாமா ஏன் கேட்கும்போதெல்லாம் காலை ஆட்டுகிறார் என்பது மட்டும் புரிந்தது.

"கேக்கறது யாரு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நோட்டுல எழுதணும்."

"அண்ணன் மகள்னு எழுதிக்கோங்க."

"தொகை?"

சொன்னாள். சுவரோரத்தில் பிளான் மாமா விசிலடித்தார். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

"என்ன காரணத்துக்கு?"

"முதலாளி கடையை விக்கறார். நான் எடுத்து நடத்தப் போறேன்."

"திருப்பித் தர்ற தேதி?"

"என் பணம்தானே சித்தப்பா அது!"

"அந்த ஸ்டூல்ல உக்காந்த அத்தனை பேரும் உரிமையோடதான்மா கேட்டாங்க."

"அவங்க கேட்டது என் பணத்தை. நான் கேக்கறதும் என் பணத்தைத்தான்."

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றார் சித்தப்பா. தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று பாப்பா தேடுவதற்குள் அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார். "மூணாவது விதி. சொந்தத் தொழில் தொடங்க..."

"யாராக இருந்தாலும்!" என்று பிளான் மாமா பின்பாட்டுப் பாடினார். நாலு வருஷமாகச் சேர்த்துவைத்த சந்தோஷம் அவர் முகத்தில் வழிந்தது. "அடிக்கோடு போட்டது மாப்ளே! நான் பாத்தேன்!"

"மாமா, அதை உங்க முகம் வாடிச்சேன்னு நான்தான் சேர்க்கச் சொன்னேன்."

"இப்போ உன் முகம் வாடியிருக்கு. வேற யாரையாவது சேர்த்துக்கலாமா?"

அத்தை அதட்டினாள். "போதும்டா கேலி. படிவத்தை இப்படிக் குடு, நான் போடறேன் கையெழுத்து. இவ செஞ்ச பல்லை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு இவளுக்கே இல்லைன்னு சொன்னா அந்தப் பல்லு என்னைக் கடிக்காதா?"

தங்கச்சி மெல்ல வாயைத் திறந்தாள். "அக்கா, நல்ல விஷயந்தான். ஆனா உன் சம்பளம் நின்னு போச்சுன்னா சின்னவன் ஃபீஸ்?"

"வியாபாரம் நடக்கும்டி."

"முதல் ஆறு மாசம் லாபம் வருமா?" என்றார் சித்தப்பா.

பொய் சொல்லியிருக்கலாம். பல்லில்தான் பொய் செய்வாளே தவிர வாயில் வராது. "வராது" என்றாள்.

சித்தப்பா பேனாவை மூடினார். "என் கையெழுத்து இல்ல. மாசம் பொறந்தா சம்பளம்னு ஒண்ணு வருதே, அதை விட்டுட்டு ஓடாதே. அந்தப் பெரிய லேப்ல போய் நிம்மதியா வேலையைப் பாரு."

பாப்பாவுக்கு முதுகு வலித்தது. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது, வந்தது கோபம். எழுந்து நின்றாள்.

"சரி. கேட்டுக்கோங்க. அடுத்த மாசத்துலேருந்து இந்தக் கணக்குல ஒரு காசு போட மாட்டேன்."

தங்கச்சி சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"மிரட்டறியா?"

"இல்ல சித்தப்பா. சம்பளத்தை நானே வெச்சுக்கப் போறேன். இருக்கற பணத்தை நீங்களே யாருக்கு வேணும்னாலும் குடுங்க. நான் குறுக்க வர மாட்டேன். அந்தப் படிவப் புத்தகத்தைக் குடுங்க."

வாங்கி, பணம் எடுக்கும் படிவம் ஒவ்வொன்றிலும் வரிசையாகத் தன் கையெழுத்தைப் போட்டாள். இருபத்தேழு படிவம். எழுத எழுத, பேனா பேப்பரைக் கிழிக்கப் பார்த்தது.

"என்னடி பண்றே?" என்றாள் அத்தை.

"நான் இல்லாமலே எடுத்துக்கட்டும்னு."

அத்தை அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அந்தக் கிழவியின் கண்ணில் என்ன ஓடியது என்று பாப்பாவுக்கு அப்போது விளங்கவில்லை. "அப்போ இப்படிக் குடு. நானும் இருபத்தேழுலயும் போட்டுடறேன். எனக்கும் வயசாச்சு, மாசாமாசம் எங்க அலையறது?"

புத்தகம் சித்தப்பாவின் கைக்குப் போனது. இரண்டு கையெழுத்துப் போட்டுத் தயாராக. இனி அவர் ஒருத்தர் பேனாதான் பாக்கி. தங்கச்சி அந்தப் புத்தகத்தைப் பார்த்தாள். பிளான் மாமாவும் பார்த்தார். இரண்டு பேரும் காலை ஆட்ட ஆரம்பித்தார்கள்.

புதன்கிழமை பாப்பாவின் போன் ஊமையாகிவிட்டது. காலையிலிருந்து ஒரு "சும்மாதான்" இல்லை. ரிப்பேரோ என்று முதலாளியின் போனை வாங்கித் தனக்கே ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் அடித்தது. ஆத்திரத்தில் செய்தது இப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷப் பணம். யாராவது வந்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் போச்சு.

மத்தியானம் சித்தி கூப்பிட்டாள். சித்தப்பாவின் மனைவி, சாதாரணமாகப் பேசவே மாட்டாள், அவளுக்கு இடமிருக்காது.

"பாப்பா, என்னடி பண்ணி வெச்சே? விடியக்காலை ஆறு மணிக்கு உன் மாமன் வந்து கதவைத் தட்டறான். படகுல சலூன் வைக்கப் போறானாம்."

"படகுல எதுக்கு சித்தி முடி வெட்டணும்?"

"வெட்டின முடியைக் கூட்ட வேண்டாமாம். தண்ணியில தள்ளிடலாமாம். உன் தங்கச்சி வந்தா. சின்னவன் ஃபீஸ் இந்த வருஷத்துக்கு இல்ல, காலேஜ் முடியற வரைக்கும் மொத்தமா வேணுமாம். கணக்குல இனிமே பணம் விழாதுன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு இப்பவே எடுத்துக்கணும்னு துடிக்குது. போன் வேற ஓயல. யாரோ ஒருத்தர், உங்க பெரியப்பா மருமகளோட அண்ணனாம்."

"யாரு அது?"

"உனக்கே தெரியலைன்னா எனக்கு எங்க தெரியும்? 'சும்மாதான் கூப்பிட்டேன், சாப்பிட்டீங்களா?'ன்னாரு. உங்க சித்தப்பாவை அவர் வாழ்க்கையில யாரும் அப்படிக் கேட்டதே இல்ல பாரு. மனுஷன் குளிர்ந்து போயிட்டாரு. சாப்பிட்டது, செரிக்காதது, ஏப்பம் வந்தது வரைக்கும் அரைமணி நேரம் சொன்னாரு, பாவம். மூணாவது சாப்பிட்டீங்களா வந்தப்பதான் முகம் மாறிச்சு."

"கையெழுத்துப் போட்டாரா?" என்றாள் பாப்பா.

"இது வரைக்கும் இல்ல. பேனாவை எடுக்கறாரு, வெக்கறாரு."

வியாழக்கிழமை சித்தி மறுபடி கூப்பிட்டாள். சித்தப்பா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாகிறதாம். வெளியே பிளான் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாகப் படகுத் திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டுகிறாராம். "உள்ளேருந்து தண்ணி சத்தம்கூட வரல. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் சித்தி. ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய லேப்காரர் தன் ஆளோடு வந்துவிட்டார். அந்த ஆள் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்தான். பாலிஷ் மோட்டாரை அளந்தான். பாப்பாவின் மேசையை அளக்க வந்து, "கொஞ்சம் கையை எடுங்க" என்றான்.

"என்னையும் அளக்கணுமா?" என்றாள் பாப்பா.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. "என்னம்மா?" என்று கண்ணாலேயே கேட்டார். பாப்பா உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் சித்தப்பா நின்றார். முகத்தில் இரண்டு நாள் தாடி. சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. ஸ்டோரில் ஒரு திருகாணி குறைந்தால்கூட இப்படி நிற்க மாட்டார்.

"இந்தா" என்று புத்தகத்தை நீட்டினார். "மேல இருக்கற படிவத்துல போட்டிருக்கேன். தொகையை நீயே எழுதிக்கோ. மொத்தமா எடுத்துடு தாயே, ஒரு காசு மிச்சம் வெக்காதே."

"வேற யாருக்கும் போடலையா?"

"எப்படிப் போடறது? ஒருத்தருக்குப் போட்டுட்டு மத்தவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? உன் தங்கச்சி அழறா. நியாயமாத்தான் அழறா. அந்தப் படகுக்காரன் அழல, சிரிக்கறான், அது அதைவிடக் கொடுமையா இருக்கு. சோறு இறங்கல எனக்கு. ரெண்டு நாளுக்கே இப்படி. நீ இருபது வருஷம் எப்படித்தான் இருந்தே?"

அத்தை செவ்வாய்க்கிழமை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று பாப்பாவுக்கு இப்போது விளங்கியது.

"மூணாவது விதி?"

"பக்கத்தைக் கிழிச்சுட்டேன்."

"பக்க எண் போட்ட நோட்டு சித்தப்பா!"

"அதைச் சொல்லாதே" என்று கண்ணை மூடிக்கொண்டார். "நெனச்சா உடம்பு நடுங்குது."

பாப்பா மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அதில் மெழுகும் பிளாஸ்டரும் அப்பியிருக்க, அப்படியே சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த வங்கிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பாதி வழியில் சித்தப்பாவின் போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது.

"உன் மாமன். என்ன சொல்றது?"

"குடுங்க இப்படி. மாமா, நான் பாப்பா பேசறேன்."

"பாப்பா! நீயே கிடைச்சது நல்லதாப் போச்சு. படகு வேணாம்னு விட்டுட்டேன். சைக்கிள்ல சலூன். தொகை பாதிதான். என்ன சொல்றே?"

பாப்பா நடுத்தெருவில் நின்றாள். "மு..." என்று தொடங்கினாள். சித்தப்பா அவளைப் பார்த்தார். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "முடியாது மாமா."

வானம் இடியப் போகிறது என்று காத்திருந்தாள்.

"சரி" என்றார் மாமா. "கேட்டு வெப்போமேன்னு கேட்டேன். ஆமா, அந்தக் கடை உனக்கு வந்துடுச்சா இல்லையா?"

"போயிட்டிருக்கேன்."

"அப்போ எங்கிட்ட என்ன பேச்சு? ஓடு!"

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "சரின்னுட்டார் சித்தப்பா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அடப்பாவி, ரெண்டு நாள் என்னைக் குளியலறையில உக்கார வெச்சானே!"

வங்கியில் முன்னால் நாலு பேர். ஜன்னலில் இருந்த பெண் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்து மூன்று கையெழுத்தையும் சரிபார்த்தாள். சித்தப்பாவின் கையெழுத்தில் வந்து நின்றாள். "இது கொஞ்சம் கோணலா இருக்கே சார்?"

"பயத்துல போட்டது" என்றார் சித்தப்பா. "இன்னொண்ணு போடறேன். இப்போ பயம் இல்ல."

பதினொன்று நாற்பத்தைந்துக்குப் பணம் முதலாளியின் மேசைமேல் இருந்தது. பெரிய லேப்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "இந்த அம்மா வர்றதா இருந்தாத்தான் நான் எடுக்கறதாவே இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பாவுக்கு அது காதில் தேனாக இறங்கியது. லிஸ்டில் நாலாவதாம்!

முதலாளி ரசீதை எடுத்தார். சித்தப்பாவையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் பேர்லம்மா போடறது? குடும்பத்துப் பேர்லயா?"

"என் பேர்ல" என்றாள் பாப்பா.

சித்தப்பா ரசீதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்; தூரமாகப் பிடித்தார்; பிறகு படித்தது போலத் தலையாட்டிவிட்டு அவளிடம் கொடுத்தார். போகிறவர் போல வாசல்வரை நடந்து திரும்பி வந்தார்.

"பாப்பா, ஒரு விஷயம். இன்னைக்கு வேணாம், அப்புறம் சொல்றேன்."

"காது சிவந்திருக்கு சித்தப்பா. எதையோ மறைக்கறீங்க. இப்பவே சொல்லுங்க."

"கண்ணு. புரை விழுந்திருக்குன்னான் டாக்டர். போன வருஷமே ஆபரேஷன் பண்ணச் சொன்னான்."

"போன வருஷமா? கணக்குல அவ்வளவு பணம் கெடந்ததே, கேக்க வேண்டியதுதானே?"

"யாரு, நானா? அத்தனை பேரையும் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுட்டு, நானே போய் நடுவுல உக்காரவா? அடுத்த மாசம் கேக்கலாம், அதுக்கு அடுத்த மாசம் கேக்கலாம்னு இருந்தேன். செவ்வாய்க்கிழமை நீ எல்லாத்தையும் கேட்டுட்டே. நான் மறுத்ததுல இதுவும் கொஞ்சம் இருக்கு. பொய் சொல்லக் கூடாது."

பாப்பாவுக்கு அவர்மேல் இருந்த மிச்சக் கோபமும் கரைந்தது. ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். சொன்னார். மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள்.

"பாதி என்னால முடியும். மூணு மாசம் போகட்டும். மீதிப் பாதி முடியாது."

"முடியாதா?"

"முடியாது. பென்ஷன் வருதே, அதுல எதுவும் வெக்கலையா நீங்க?"

"கொஞ்சம் இருக்கு."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம் சித்தப்பா?"

சித்தப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார். முதலாளி காதில் விழக்கூடாதென்று அவள் காதருகே குனிந்து சொன்னார். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு கண்ணையும் பண்ணிட்டு மூணாவதும் இருந்தா பண்ணலாமே! இதை வெச்சுக்கிட்டா ஒரு வருஷமா தடவிக்கிட்டுத் திரியறீங்க?"

"எடுக்க மனசு வரலைம்மா" என்றார் சித்தப்பா, ரொம்ப நேர்மையாக.

"கண்ணு போனப்புறம் அதை எண்ணிப் பாக்கறது யாரு?"

இந்தக் கோணத்தில் அவர் யோசித்ததில்லை போலிருக்கிறது. தாடியைச் சொறிந்தார். "அதுவும் நியாயம்தான். திங்கட்கிழமை டாக்டரைப் பாக்கறேன்." வாசலைத் தாண்டியவர், சட்டென்று நினைவு வந்தவர் போல உள்ளே தலையை நீட்டினார். "ஆனா பாப்பா, மூணு மாசம் கழிச்சுப் பாதின்னு சொன்னியே. அந்தப் பேச்சு இன்னும் இருக்குதானே?"

"இல்ல" என்று சிரித்துக்கொண்டே பாப்பா மோட்டாரைப் போட்டாள்.